திருமலையில் எந்த நேரத்தில் எங்கே சாப்பிடுவது: ஊர்க்காரன் ஒருவனின் வழிகாட்டி

சொந்தக்காரர் யாராவது இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள திருகோணமலைக்கு, நாங்கள் சுருக்கிச் சொல்லும் திருமலைக்கு, வந்தால் எனக்கு இரண்டு அழைப்பு வரும். முதலாவது, வர முன்னர்: "தங்குவதற்கு நல்ல இடம் ஒன்று சொல்லு." இரண்டாவது, வந்த மறுநாள் இரவு: "என்னடா தம்பி, கடற்கரை ஊர் என்றாய், வாய்க்கு ருசியாக ஒரு மீன் குழம்பு கிடைக்கவில்லையே?" விசாரித்தால் விஷயம் ஒன்றுதான். காலை ஒன்பதரை வரை நித்திரை. மத்தியானம் கடலில் குளிப்பு. மூன்றரைக்குப் பசி வந்ததும் நிலாவெளியில் சோறு தேடியிருப்பார்கள். சோறு முடிந்திருக்கும். கடைசியில் வெள்ளைக்காரருக்குச் செய்த ஸ்பகெட்டியைச் சாப்பிட்டுவிட்டு ஊரைக் குறை சொல்வார்கள்.

இந்த ஊரில் எங்கே சாப்பிடுவது என்பதைத் தீர்மானிப்பது மணிக்கூடு. ஊர் சாப்பிடும் நேரத்தில் ஊர் சாப்பிடும் இடத்தில் நீங்கள் இருந்தால் போதும், கடை தேடவே தேவையில்லை. ஒரு நாளை விடியலில் இருந்து இரவு வரை பிடித்துக்கொண்டு போகிறேன்.

1. ஊரின் படத்தை முதலில் மனதில் போடுங்கள்

சாப்பாட்டுக் கணக்கில் திருமலை மூன்று துண்டு.

முதலாவது டவுன். பஸ் நிலையம், சந்தை, மத்திய வீதி, பிரதான வீதி, என்.சி. வீதி, டொக்யார்ட் வீதி எல்லாம் நடந்து திரியக்கூடிய தூரம். ஒரு பக்கம் கோணேசர் கோவிலும் பிரட்ரிக் கோட்டையும் டச்பே கடற்கரையும். மறுபக்கம் உள்துறைமுகம். உள்ளூர்ச் சாப்பாடு இங்கேதான்.

இரண்டாவது, வடக்கே போகும் நிலாவெளி வீதி. இங்கே இடத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்று ஓட்டோக்காரர் சொன்னால் அது மைல்கல். டவுனில் இருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டரில் உப்புவெளி, அதை ஒட்டி அலஸ் தோட்டம், பிறகு சாம்பல்தீவு, ஏறத்தாழ பதினைந்தாவது கிலோமீட்டரில் நிலாவெளி. புறாத்தீவுக்குப் படகு ஏறுவதும் நிலாவெளியில்தான். உல்லாசப் பயணிகளுக்கான கடைகள் உப்புவெளியில் நெருக்கமாக இருக்கும். நிலாவெளியில் விடுதிகள் தள்ளித் தள்ளி இருப்பதால் கடை மாறிக் கடை நடப்பது வெயிலில் நடக்காத காரியம்.

மூன்றாவது, தெற்கே கிண்ணியா. அதைப் பற்றிப் பிறகு.

என் கணக்கு இது: பகலில் டவுன், இரவில் உப்புவெளி. நிலாவெளியில் தங்குகிறவர்கள் மட்டும் நிலாவெளியில் சாப்பிட்டால் போதும், அதுவும் காலையிலேயே சொல்லிவைத்து. பகலில் டவுனுக்கும் நிலாவெளிக்கும் பஸ் ஓடும். இருட்டிய பிறகு பஸ்ஸை நம்பாதீர்கள். ஓட்டோவுக்கு ஏற முன்னரே காசைப் பேசி, திரும்பி வரவும் அதே ஆளைப் பிடித்துவைத்தால் நிம்மதி.

2. கலண்டரைப் பாருங்கள்

சித்திரையில் இருந்து புரட்டாதி வரை, அதாவது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, கிழக்குக் கடல் அமைதி. கடைகள் எல்லாம் திறந்திருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். கடல் கொந்தளித்தால் சின்னப் படகுகள் இறங்காது. கடற்கரைக் கடைகள் பல பலகையைச் சாத்திவிடும். அந்த மாதங்களில் வருகிறவர்கள் உப்புவெளிக் கனவை விட்டுவிட்டு மூன்று நேரமும் டவுனில் சாப்பிடுங்கள். அப்போது களப்பு மீனும் இறாலும் கைகொடுக்கும்.

வெள்ளிக்கிழமை இரண்டு விதத்தில் முக்கியம். சைவ வீடுகளில் அன்று மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, அதனால் சைவக்கடைகளில் கூட்டம். முஸ்லிம் கடைகளில் ஜும்மா நேரத்துக்கு, பன்னிரண்டு தொடக்கம் ஒன்றரை வரை, பெரும்பாலும் கதவு பாதி இறங்கியிருக்கும். இது தெரியாமல் புரியாணிக்குப் போய் நின்றவர்கள் பலர். நோன்பு மாதத்தில் அந்தக் கடைகள் பகலில் மூடியிருந்தாலும் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வீதியே மாறிவிடும். நோன்புக் கஞ்சி, சமோசா, கட்லட் எல்லாம் சுடச்சுட இருக்கும். கஞ்சிக்கு நோன்பு பிடித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாளில் நாடு முழுவதும் மதுபான விற்பனை இல்லை. இறைச்சிக் கடைகளும் பூட்டு. மகா சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் ஊர் முழுக்கத் தோரணமும் தண்ணீர்ப் பந்தலும். அப்போது காசு கொடுத்துச் சாப்பிடும் அவசியமே குறைவு.

3. காலை: கோவிலுக்குப் பிறகு இடியப்பம்

ஆறு மணிக்கு எழும்புங்கள். கோணேசர் கோவிலுக்கு வெறும் வயிற்றோடு போவதுதான் ஊர் வழக்கம், வெயிலுக்கும் அதுதான் நல்லது. கோட்டை வாசலால் நடக்கும்போது புள்ளிமான்கள் பக்கத்தில் வரும். கையில் உள்ளதைக் கொடுக்கத் தோன்றும், கொடுக்காதீர்கள். சோற்றுப் பார்சல் தாளையும் பொலித்தீனையும் தின்று வயிறு வீங்கிச் சாகிற மான்கள் இந்த ஊரின் பழைய வேதனை. திரும்பி வரும்போது மலையடிவாரக் கடைகளில் மிளகாய்த்தூளும் உப்பும் புரட்டிய மாங்காய், அன்னாசி அச்சாறு இருக்கும். வெறும் வயிற்றில் அதைத் தொடாமல் நேரே டவுனுக்கு வாருங்கள்.

காலைச் சாப்பாடு என்றால் இடியப்பமும் சொதியும். அரிசிமா இடியப்பம் வெள்ளையிலும் சிவப்பிலும் இருக்கும், சிவப்பைக் கேளுங்கள். சொதி தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சைமிளகாய், வெந்தயம் போட்டு, இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிந்தது. கடையில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றும்போதே தரம் தெரியும். சட்டியின் மேலே பால் திரிந்து துகள் துகளாக நின்றால் அது திரும்பத் திரும்பச் சூடாக்கியது. இளமஞ்சளாக, ஒரே சீராக ஓடினால் அன்றைய சொதி. பக்கத்தில் தேங்காய்ச் சம்பல். அது இடித்ததா அரைத்ததா என்று பாருங்கள். இடித்த சம்பலில் செத்தல் மிளகாயின் விதை தனியாகக் கண்ணில் படும், வெங்காயம் நசுங்கி நீர் விட்டிருக்கும்.

சில கடைகளில் ஒரு அடுக்கு இடியப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். முழுவதும் உங்களுக்கு என்று நினைத்து மிரள வேண்டாம். எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணித்தான் காசு.

பிட்டு கிடைத்தால் இடியப்பத்தை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. முதல்நாள் மீன் குழம்பு மிச்சம் இருக்கும் கடையில் பிட்டைக் குழைத்துச் சாப்பிட்டவனுக்கு மத்தியானம் வரை வேறு நினைப்பு வராது. மனைவி இதை ஒத்துக்கொள்ளமாட்டாள். அவள் பால் அப்பக் கட்சி. அப்பம் காலையில் சில இடங்களில்தான், பின்னேரம் ஐந்துக்குப் பிறகுதான் அதிகம்.

ஒன்பதரைக்கு மேல் போனால் பாணும் பருப்பும்தான் மிஞ்சும்.

4. மத்தியானம்: பன்னிரண்டில் இருந்து ஒன்றரைக்குள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். சோறும் கறியும் மத்தியானச் சாப்பாடு. விடியலில் சந்தைக்குப் போய், பத்துக்குச் சமையல் ஏற்றி, பன்னிரண்டுக்குச் சட்டிகளை முன்னால் வைப்பார்கள். இரண்டுக்கு நல்ல துண்டுகள் போய்விடும். மூன்றுக்குச் சட்டி கழுவும் சத்தம் கேட்கும்.

எந்தக் கடை? பஸ் நிலையத்தில் இருந்து சந்தையைச் சுற்றியும் மத்திய வீதியிலும் நடந்து, கச்சேரிக்காரர்களும் (அரச அலுவலகத்து ஆட்கள்) வங்கிக்காரர்களும் கழுத்தில் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்கும் கடையாகப் பாருங்கள். தினமும் சாப்பிடுகிறவனை ஏமாற்ற முடியாது. பார்சல் வாங்க ஹெல்மெட்டோடு நாலு பேர் நிற்கும் கடை இன்னும் நல்லது.

உள்ளே போனதும் மேசையில் குந்தாதீர்கள். முதலில் சட்டிகளைப் பாருங்கள், மூடியைத் திறந்து காட்டச் சொல்லலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். "இண்டைக்கு என்ன மீன், அண்ணை?" என்று கேளுங்கள். முஸ்லிம் கடை என்றால் "என்ன மீன், நானா?" பதில் மீனின் பெயராக வர வேண்டும். பாரை, சூரை, அறக்குளா, விளைமீன் என்று வந்தால் சரி. "பெரிய மீன்" என்று மட்டும் பதில் வந்தால் நான் முட்டைக்குழம்பு கேட்பேன்.

நான் அடிக்கடி போகும் கடை ஒன்றில் தட்டு எப்படி வரும் என்று சொல்கிறேன். அலுமினியத் தட்டில் சிவப்பரிசிச் சோறு, நடுவே குழி. குழிக்குள் பருப்பு. ஓரத்தில் பயற்றங்காய்ப் பிரட்டல், பூசணிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல் அல்லது முருங்கையிலை வறை. மேலே ஒரு அப்பளமும் மோர்மிளகாயும். மீன் தனிக் கோப்பையில், புளி தூக்கலாக, குழம்பின் விளிம்பில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து. பரிமாறுகிற அம்மா கேட்காமலேயே இரண்டாவது முறை சோறும் மரக்கறியும் வைப்பா. அதற்குத் தனிக் காசு வழமையாக இல்லை. மீன் துண்டு இன்னொன்று வேண்டுமானால் அதற்குக் காசு. தட்டில் கை வைத்து மறித்தால்தான் நிறுத்துவா, வாயால் "போதும்" என்பது எடுபடாது.

விலை உயர்ந்த மீன்தான் நல்ல மீன் என்ற எண்ணத்தை டவுனுக்கு வரும்போது விட்டுவிடுங்கள். அறக்குளா எங்கும் கிடைக்கும். சூடை மீனைத் தலையோடு மொறுமொறுவென்று பொரித்ததும், நெத்தலிப் பொரியலும், கூனி இறால் போட்ட சுண்டலும், சுறா வறையும் கண்டால் விடாதீர்கள். அவை வீட்டுச் சமையல். உல்லாசக் கடைகளின் பட்டியலில் ஏறாதவை.

பார்சல் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. பார்சல் சோறு தட்டுச் சோற்றைவிட அதிகம் இருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம் இரண்டு பேருக்கு ஒரு பார்சல் என்று கணக்குப் போடலாம். குழம்பைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடற்கரைக்குப் போவதற்குள் எல்லாம் ஒரே களி.

சோறு வேண்டாம் என்றால் மத்தியானம் புரியாணி. அதுவும் ஒரு மணிக்குள். சூடாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

5. பின்னேரம்: தேத்தண்ணியும் கடற்காற்றும்

நாலரைக்கு ஊரே தேத்தண்ணி குடிக்கும். பிளேன்டீ என்றால் பால் இல்லாதது. இஞ்சி தட்டிப் போடச் சொல்லலாம். சீனி அளவுக்கு மேல் போடுவார்கள், வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பால் தேத்தண்ணி பெரும்பாலும் பால்மாவில்.

கூடவே ஒரு தட்டில் றோல், பற்றிஸ், கட்லட், வடை, மரக்கறி ரொட்டி எல்லாம் கலந்து வரும். அதுவும் இடியப்பக் கணக்குத்தான், சாப்பிட்டதற்கு மட்டும் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும் என்பதை மனதில் வைத்து, எடுப்பதை மட்டும் தொடுங்கள். பக்கத்து மேசையில் சின்னப் பையன் ஒவ்வொரு றோலையும் அமுக்கிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், அன்றில் இருந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்து கேட்டு வாங்குவதுதான் வழக்கம்.

பிறகு டச்பே கடற்கரை. குடும்பம் குடும்பமாக ஊர்ச் சனம் வந்து குந்தும் இடம். கச்சான், அவித்த சோளம், வடை, ஐஸ்கிரீம் வண்டிகள் வரும். இங்கே கச்சான் என்றால் இரண்டு: பையில் வருவது வேர்க்கடலை, ஆனி ஆடியில் மேற்கே இருந்து நெருப்பாக வீசுவது காற்று. இரண்டாவது வரும் நாட்களில் முதலாவதை விட்டுவிட்டு இளநீர் குடியுங்கள்.

கூட்டம் வேண்டாம், கொஞ்சம் குளிரூட்டிய இடத்தில் நல்ல கோப்பி வேண்டும் என்றால் உள்துறைமுக வீதியில் டச் பேங்க் கஃபே இருக்கிறது. பழைய கட்டடம், எதிரே துறைமுகத் தண்ணீர். விலை டவுன் விலை இல்லை, ஆனால் வெயிலில் வாடிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் இருக்க அந்த விலையைக் கொடுக்கலாம்.

6. இரவு: உப்புவெளியில் கடலுணவு

ஆறரைக்கு உப்புவெளிக்குப் போங்கள். சாப்பிட அல்ல, பார்க்க. நிலாவெளி வீதியில் இருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் வரும். ஒழுங்கைகளிலும் மணலிலும் கடைகள். வாசலில் ஐஸ்கட்டிக்கு மேல் மீனைப் பரப்பி வைத்திருப்பார்கள். ஒரு கடையில் உட்கார முன்னர் மூன்று கடையின் ஐஸைப் பாருங்கள்.

கண் தெளிவாக, வெளியே தள்ளியிருக்க வேண்டும். செவிளைத் தூக்கினால் சிவப்பு, மண்நிறம் அல்ல. விரலால் அமுக்கினால் பள்ளம் நிற்கக்கூடாது. கணவாயின் தோலில் புள்ளிகள் மின்ன வேண்டும், இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது நேற்றையது. இறாலின் தலை உடலோடு இறுக்கமாக இருக்க வேண்டும். நண்டைக் கையில் தூக்குங்கள், அளவுக்கு மேல் பாரமாக இருந்தால் உள்ளே சதை. நிலவுக் காலத்து நண்டு வெறும் கோது என்று திருக்கடலூர் மீனவர்கள் சொல்வார்கள். நான் வளர்பிறை கடைசியில் நண்டு கேட்பதில்லை. முட்டை சுமந்த சிங்க இறாலை யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டத்தில் தடை.

இனி விலை. இது என் சொந்தக் காசில் படித்த பாடம். சில வருடங்களுக்கு முன் கொழும்பில் இருந்து வந்த மச்சானைக் கூட்டிக்கொண்டு கடற்கரையோரக் கடை ஒன்றுக்குப் போனேன். பலகையில் நண்டுக்கு ஒரு விலை எழுதியிருந்தது. மலிவு என்று நினைத்து இரண்டு பெரிய நண்டு காட்டினோம். பில் வந்தபோதுதான் அந்த விலை 100 கிராமுக்கு என்று தெரிந்தது. எழுத்து சின்னதாகக் கீழே இருந்தது, பொய் என்று சொல்ல முடியாது. மச்சான் இன்று வரை என்னை "நூறு கிராம்" என்றுதான் கூப்பிடுகிறான். அதனால் உட்கார முன்னர் நாலு கேள்வி கேளுங்கள். விலை கிலோவுக்கா 100 கிராமுக்கா, துண்டுக்கா? நிறுத்துக் காட்டுவீர்களா? சமையல் கூலி, சோறு, சலாட் அதற்குள்ளா வெளியேயா? சேவைக் கட்டணம் உண்டா? பதிலைத் தாளில் எழுதித் தரச் சொன்னாலும் நல்ல கடைக்காரன் முகம் சுளிக்கமாட்டான்.

எப்படிச் சமைப்பது என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் பட்டரும் உள்ளியும் தடவிச் சுட்டு, பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியலோடு வரும். அதுவும் தப்பில்லை, விளைமீனைக் கரியில் சுட்டால் நன்றாகவே இருக்கும். ஆனால் நண்டைச் சுடுவது நண்டுக்குச் செய்யும் அநியாயம். நண்டுக்கு யாழ்ப்பாணத்துக் கறித்தூள், கடைசியில் ஒரு பிடி முருங்கையிலை, தேங்காய்ப்பால். இதற்கு வழி: காலையிலோ மத்தியானமோ அந்த வழியால் போகும்போது இறங்கி, "இரவு ஆறு பேர் வருவோம், எங்கட வீட்டு முறையில் நண்டுக் குழம்பும் சோறும் வேண்டும்" என்று சொல்லி, கொஞ்ச முற்பணம் கொடுத்துவிட்டுப் போங்கள். குசினியில் நிற்பவர்கள் ஊர்க்காரர்கள். வெளிநாட்டுக்காரருக்குக் காரம் குறைத்துக் குறைத்துச் சலித்துப்போன கை, ஒருநாளாவது தன் வீட்டு ருசியில் சமைக்கச் சொன்னால் சந்தோசமாகச் செய்யும். நிலாவெளி விடுதிகளுக்கும் இதே முறைதான்.

பெரிய ஹோட்டலில் ஒரு இரவு வேண்டும் என்றால் உப்புவெளியில் டிரிங்கோ புளூ இருக்கிறது. அங்கே பட்டியல் விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் ஏறுமா என்று கேட்டுவிட்டு ஓடர் பண்ணுங்கள்.

சுற்றிப் பார்த்து, பேசி, காத்திருந்து சாப்பாடு வர எட்டரை ஆகிவிடும். பிள்ளைகளுக்கு ஏழுக்கு ஏதாவது கொடுத்துவையுங்கள்.

7. அல்லது, டவுனில் கொத்து

கடலுணவுக்குக் காசும் பொறுமையும் இல்லாத இரவுக்குக் கொத்துரொட்டி. கடையைக் காதால் கண்டுபிடிக்கலாம். இரும்புக் கல்லில் இரண்டு தகடுகள் தட்டும் சத்தம் தாளம் பிசகாமல் வந்தால் கை பழகிய ஆள். ரொட்டி அன்று போட்டதா என்று பாருங்கள். அரையும் முழுவும் என்று இரண்டு அளவு உண்டு. சாதாரண வயிற்றுக்கு அரை போதும், முழு என்பது சவால். பலகையில் டொல்பின் கொத்து என்று இருந்தால் பயந்துவிடாதீர்கள், அதில் டொல்பின் இல்லை.

குழம்பைத் தனியாகக் கேளுங்கள். முதலிலேயே ஊற்றினால் ரொட்டி ஊறிப் பாழ்.

8. அரை நாள் இருந்தால் கிண்ணியா

என் சின்ன வயதில் கிண்ணியாவுக்குப் போவதென்றால் பாதையில் ஏற வேண்டும். பாதை என்றால் இங்கே பஸ்ஸையும் மனிதரையும் ஆட்டையும் ஒன்றாக ஏற்றிக் களப்பைக் கடக்கும் மிதவை. அதற்குக் காத்திருக்கும் நேரத்தில் கரையில் கச்சானும் வடையும் விற்கும். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள், நீளம் 396 மீற்றர். இப்போது நின்று படம் எடுத்துக்கொண்டே கடக்கலாம். வடைக்காரர்களை மட்டும் காணவில்லை.

கிண்ணியாவில் மத்தியானம் சாப்பிடுங்கள். குழம்பை அங்கே ஆணம் என்பார்கள். மீனாணம் என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை ஊர் ஆளாகவே எடுத்துக்கொள்வார். சாப்பிட்ட பிறகு வட்டிலப்பம் இருந்தால் கேளுங்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்ந்தது. நல்ல வட்டிலப்பத்தை வெட்டினால் உள்ளே சின்னச் சின்னத் துளைகள் தெரியும்.

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எல்லாம் வயலும் எருமையும். வீதியோரத்தில் மண்சட்டியில் எருமைத் தயிர் விற்கும். சட்டியைச் சாய்த்துப் பாருங்கள். தயிர் அசையாமல் நின்று, மேலே மஞ்சள் ஏடு படிந்திருந்தால் வாங்கலாம். ஓரத்தில் தண்ணீர் பிரிந்திருந்தால் புளித்தது, அது மோருக்கு. கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) ஒரு போத்தல் கையோடு இருந்தால் இரவுச் சாப்பாடே தேவைப்படாது.

9. சைவக்காரர்களுக்கு

ஒரு சொல்லில் கவனம். சாதாரணக் கடையில் "மரக்கறிச் சாப்பாடு" என்றால் மீன் துண்டு இல்லை என்றுதான் அர்த்தம். சம்பலில் மாசிக் கருவாடு இருக்கலாம், சீனிச் சம்பலில் பெரும்பாலும் இருக்கும், சில கடையில் பருப்பில்கூட. மரக்கறிக் கொத்தும் கோழிக் கொத்தும் மாட்டுக் கொத்தும் ஒரே கல்லில்தான் அடிபடும். சுத்த சைவம் வேண்டுமானால் "சைவக்கடை" என்று பெயர்ப்பலகை உள்ள இடத்துக்கே போங்கள். சைவக்கடைகள் டவுனில் நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கின்றன. தோசை, இட்லி, உழுந்து வடை காலையிலும் இரவிலும், மத்தியானம் சோறு. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் சைவச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் பிரைட் ரைஸ்தான். அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

10. பில்

சின்னக் கடைகளில் சில்லறை வைத்திருங்கள், அட்டை எல்லா இடத்திலும் எடுபடாது. பெரிய இடங்களில் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள். சேர்த்திருந்தால் மேலே சந்தோசக் காசு வைப்பது உங்கள் விருப்பம். விலையை ஆட்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளூர்க்காரனுக்கு ஒன்று, பயணிக்கு ஒன்று என்று விலை மாறுவதாகத் தோன்றினால் பட்டியலைக் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது. நான் இதுவரை அழைத்ததில்லை, சொன்னதுமே பில் குறைந்திருக்கிறது.

11. போகிற அன்று

இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்கள் ஸ்டேசனில் ஏதாவது கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஐந்து மணிக்கே டவுனில் பார்சல் கட்டிவிடுங்கள். சொதியும் குழம்பும் ஆடும் பெட்டிக்குள் சரிவராது. இடியப்பத்துக்குக் கட்டைச் சம்பலும், தண்ணீர் வற்றப் பிரட்டிய உருளைக்கிழங்கும் கேளுங்கள். மீன் வேண்டுமானால் பொரித்த துண்டு, வாழையிலை கிடைத்தால் அதில் சுற்றி. கருவாடு வாங்கியிருந்தால் மூன்று பைக்குள் போட்டுக் கட்டுங்கள். போன மாதம் அத்தை கட்டிய பாரைக் கருவாட்டுக்கு இரண்டு பை போதவில்லை. கந்தளாய் தாண்ட முதலே முழுப் பெட்டிக்கும் நாங்கள் திருமலை ஆட்கள் என்று தெரிந்துவிட்டது.